சிபாப் போட்டுத் தூங்கினால் காலையில் வயிறு உப்புகிறது, என்ன செய்யலாம்?

ரங்கூன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்லீப் ஆப்னியாவுக்கு (தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவது) சிபாப், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் மெஷின், போட ஆரம்பித்ததிலிருந்து குறட்டை நின்றுவிட்டது, பகலில் தூங்கி வழிவதும் இல்லை, அதெல்லாம் சரி. ஆனால் காலையில் எழுந்தால் வயிறு மேளம் மாதிரி இருக்கிறது, லுங்கி முடிச்சைத் தளர்த்தினால்தான் உட்காரவே முடிகிறது, அப்புறம் ஒரு மணி நேரம் ஏப்பம். மெஷின் பாங்காக்கிலிருந்து வந்தது, தேவைக்கேற்பத் தானே பிரஷரை ஏற்றி இறக்கும் ஆட்டோ மாடல், பிரஷர் 4 முதல் 20 வரை என்று வந்தபடியே இருக்கிறது. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். இங்கே கரண்ட் லட்சணம் உங்களுக்கே தெரியும், பாதி ராத்திரி இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது, பேட்டரி தாங்க வேண்டுமே என்று, காற்றை ஈரமாக்க மெஷின் தொட்டியில் தண்ணீர் சூடாக்குவதை அணைத்துவிடுகிறேன். ஓமத்தண்ணீர், இஞ்சிக் கஷாயம் எல்லாம் ஆயிற்று. பேசாமல் மெஷினை நிறுத்திவிடலாமா?

பெகு அண்ணன்:
நிறுத்தாதீங்க தம்பி. ஓமத்தண்ணீர் சாப்பாட்டால் வரும் வாயுவுக்கு. உங்களுக்கு மெஷின் தள்ளும் காற்றுதான் உணவுக்குழாய் வழியாக இறங்குகிறது. குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசை ஓரளவு பிரஷரைத்தான் தாங்கும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? மெஷின் ரிப்போர்ட்டில் 95 சதவீத பிரஷர் என்று ஒரு எண் இருக்கும், அதாவது ராத்திரியில் 95 சதவீத நேரம் பிரஷர் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்திருக்கிறது. அது 11 என்றால் 20 வரை கதவைத் திறந்து வைப்பானேன்? டாக்டரிடம் கேட்டு மேல் வரம்பை இறக்குங்கள், இறக்கிய பிறகு ஏஹெச்ஐ (மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) 5-க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். கீழே 4 என்பதும் சிலருக்குப் பற்றாது, மூச்சு கிடைக்காத மாதிரி இருந்து காற்றை மடக் மடக்கென்று விழுங்குவார்கள். மூச்சை வெளியே விடும்போது பிரஷரைக் குறைக்கும் வசதி பல மெஷினில் உண்டு, 1, 2, 3 என்று இருக்கும், அதையும் கேளுங்கள்.

மோல்மேன் அக்கா:
அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு அந்த சூடாக்கும் பகுதி மேல்தான் சந்தேகம். அதை அணைத்தால் மூக்கு காய்ந்து அடைத்துக்கொள்ளும், மூக்கு அடைத்தால் வாய் திறக்கும், காற்று கசியும், கசிவைச் சரிக்கட்ட மெஷின் இன்னும் வேகமாக ஊதும், நீங்களும் தூக்கத்திலேயே விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். பேட்டரியில் ஓடிய ராத்திரிகளுக்கு மறுநாள் உப்புசம் அதிகமா என்று கவனித்தீர்களா? இன்வெர்ட்டரை விட்டுவிட்டு மெஷினுக்கென்று வரும் டிசி கன்வெர்ட்டரை பேட்டரியில் நேராக மாட்டினால் கரண்ட் வீணாவது குறையும், மிச்சத்தில் கொஞ்சமாவது சூடு வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தொட்டியில் தண்ணீரை மட்டும் விடுங்கள், சூடில்லாமலே கொஞ்சம் ஈரம் வரும். படுக்குமுன் காய்ச்சி ஆறவைத்த உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவுங்கள், நவம்பர் பிறந்தால் காற்று காய்ந்துவிடும், அப்போது ரொம்ப உதவும்.

ரங்கூன்வாசி:
அக்கா, இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன், பேட்டரி ராத்திரிகளில்தான் மோசம்! 95 சதவீதம் 11-க்குப் பக்கம் இருக்கிறது, ஏஹெச்ஐ 2. நெஞ்செரிச்சல் உண்டு அண்ணே, ராத்திரி லப்பெத்தோ (புளிக்கவைத்த தேயிலை சாலட்) சாப்பிட்டால் நிச்சயம் வரும். படுப்பது மல்லாந்துதான். தாடையைக் கட்டும் பட்டை ஒன்றும் பெட்டியோடு வந்தது, போடலாமா?

பெகு அண்ணன்:
மூக்கு அடைத்திருக்கும் ராத்திரி பட்டை வேண்டவே வேண்டாம், கரண்ட் போய் மெஷின் நின்றால் வாய் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், மல்லாந்தால் தொண்டை அதிகம் அடைபடும், மெஷினும் பிரஷரை ஏற்றும். இடது பக்கம் நெஞ்செரிச்சலுக்கும் நல்லது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துங்கள். லப்பெத்தோவை மத்தியானத்துக்கு மாற்றுங்கள், அந்த வறுத்த பயறும் பூண்டும் படுக்கிற நேரத்துக்கு ஆகாது (விடச் சொல்லவில்லை, எனக்கும் அது இல்லாமல் முடியாது). ராத்திரிச் சாப்பாட்டை படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், சோடாவும் வேண்டாம்.

மோல்மேன் அக்கா:
எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றாதீங்க தம்பி, எது கேட்டது என்று தெரியாமல் போகும். முதலில் ஈரமும் படுக்கும் பக்கமும், அப்புறம் டாக்டரிடம் பிரஷர். அதற்கும் அடங்காவிட்டால் மூச்சை இழுக்க ஒன்று, விட ஒன்று என்று இரண்டு பிரஷர் தரும் மெஷின் பற்றிக் கேளுங்கள், விலைதான் கூடுதல். வயிறு கல்லாகி வலித்தாலோ வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரங்கூன்வாசி:
சரி அக்கா. டிசி கன்வெர்ட்டர் ரங்கூனில் யாரிடமாவது இருக்கிறதா, இல்லை அதுவும் பாங்காக்தானா?