மழைக்கும் பனிக்கும் முன் வெளிச்சுவருக்கு பெயிண்ட் அடிக்கலாமா? வடக்குச் சுவர் மட்டும் உரிவது ஏன்?

கேள்வி: தேன்கனிக்கோட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டைக்கு அருகில் உள்ள கிராமத்தில், 9 ஆண்டுகளுக்கு முன் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம் என்று கட்டிய வீடு எங்களுடையது. கட்டுமானத்துக்கு முழுவதும் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்தினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாட்களில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோதே வெளிச்சுவர் முழுவதற்கும் பட்டி பார்த்து எமல்ஷன் இரண்டு கோட் அடித்தோம்.

கிழக்கு, தெற்கு, மேற்குச் சுவர்கள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. வடக்குச் சுவரில் மட்டும் தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்துக்கு பெயிண்ட் கொப்புளம் விட்டு, பட்டியோடு சேர்ந்து தகடு தகடாக உதிர்கிறது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே கருப்புக் கோடுகளாகப் பாசி இறங்கியிருக்கிறது. அதே பக்கத்துப் படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால், கடந்த மார்கழியில் கரும்பூஞ்சை படர்ந்ததையும் பார்த்தோம்.

தை மாதம் மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே நடத்த இருக்கிறோம். இப்போது புரட்டாசி. ஐப்பசி மழைக்கு முன்பே சுரண்டிவிட்டு, நீர் புகாத பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிட்டால் குளிர்காலம் முழுவதும் கவலையில்லை என்று இங்குள்ள பெயிண்டர் சொல்கிறார். செலவு சிறியதல்ல என்பதால், அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

பதில்: கிருஷ்ணகிரி கட்டடப் பொறியாளர் (ஓய்வு)

ஐயா, இப்போது அந்தச் சுவருக்கு எந்த பெயிண்டும் அடிக்க வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம் பக்கத்தில் ஆண்டுதோறும் இதே பணம் இதே விதமாக வீணாவதைப் பார்த்து வருகிறேன்.

வடக்குச் சுவர் மட்டும் கெடுவதற்கு முதற்காரணம் சூரியன். செப்டம்பர் 23-ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்கிறது. மார்ச் 21-ஐ ஒட்டித்தான் திரும்பி வருகிறது. இந்த ஆறு மாதமும் வடக்குப் பார்த்த சுவரின் மேல் நேரடி வெயில் விழுவதே இல்லை. வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நனைவது அதிகம், காய்வது குறைவு. மற்ற மூன்று சுவர்களும் மழை நின்ற இரண்டு நாட்களில் உலர்ந்துவிடும்போது, வடக்குச் சுவர் மாசி வரை ஈரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, உப்பு. செங்கல்லிலும் மணலிலும் நீரிலும் இருக்கும் உப்புகள் ஈரத்தில் கரைந்து, நீர் ஆவியாகும் இடத்துக்கு, அதாவது சுவரின் மேற்பரப்புக்கு வருகின்றன. அங்கே நீர் போய்விட, உப்பு மட்டும் படிகமாகத் தங்குகிறது. பெயிண்ட் படலத்துக்கு அடியில் படிகம் வளரும்போது அது படலத்தைத் தள்ளுகிறது. நம் மாவட்டத்தின் பாறைக்குள்ளிருந்து எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடின நீர் என்பதால், அதைக் கொண்டே கட்டிய வீடுகளில் இது அதிகமாகத் தெரிகிறது. இந்த நிலையில் நீர் புகாத பெயிண்டை அடித்தால், வெளியிலிருந்து நீர் வருவதைத் தடுப்பதைவிட உள்ளே இருக்கும் நீர் வெளியேறுவதைத்தான் அது தடுக்கும். அந்த வகை பெயிண்ட் மட்டமானது என்று சொல்லவில்லை. நன்கு உலர்ந்த சுவரில், மயிரிழை விரிசல்களை மூட அதைப்போல் வேறொன்றில்லை. ஈரச் சுவருக்கு அது பொருந்தாது.

ஆகவே முதலில் நீர் வரும் வழியைத் தேடுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு வழிகள் எனக்குத் தெரிகின்றன. தரையிலிருந்து இரண்டடி வரை மட்டும் கெட்டிருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். டி.பி.சி. என்று கொத்தனார்கள் சொல்லும் ஓதத் தடுப்பு அடுக்கு அடித்தளத்தின் மேல் சரியாகப் போடப்படாமல் இருக்கலாம். அல்லது அது சரியாக இருந்தும், பின்னால் மண் கொட்டியோ பூச்செடிப் பாத்தி அமைத்தோ வெளித் தரை அந்த அடுக்குக்கு மேலே உயர்ந்திருக்கலாம். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டாவது வகைதான், அதைச் சரிசெய்ய மண்வெட்டி போதும். மண்ணை வெட்டி இறக்கி, சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கருங்கல் பலகை பதித்துவிடுங்கள். கருங்கல் நமக்கு எளிதில் கிடைக்கும் பொருள். மழைத்துளி மண்ணில் விழுந்து சுவர் மேல் தெறிப்பதும் இதனால் பெருமளவு குறையும்.

கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி சமதளமாக இருந்தால் நீர் அங்கே தேங்கி, வெளிப்பக்கமாக வழிந்து பாசி பிடிக்கும். அதை மொட்டை மாடிப் பக்கம் சரியுமாறு பூசச் சொல்லுங்கள். சன்ஷேடுகளின் அடிப்பக்க விளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான காடி இருக்கிறதா என்றும் பாருங்கள். காடி இல்லையென்றால் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

பீரோவுக்குப் பின்னால் வந்த பூஞ்சை வேறு கதையாகவும் இருக்கலாம். மார்கழி விடியலில் உங்கள் பக்கம் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. சன்னல்களை மூடித் தூங்கும் அறையில், மூச்சுக்காற்றின் ஈரமும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் குளிர்ந்த வெளிச்சுவரில் பனித்துவிடுகின்றன. காற்று புகாத பீரோ முதுகில்தான் அது தங்கும். எது காரணம் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுர பாலிதீன் தாளை அந்தச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் நின்றால் அறைக் காற்றின் ஈரம். இதை மார்கழியில் செய்தால்தான் பதில் சரியாகக் கிடைக்கும். அதுவரை பீரோவை அரையடி தள்ளி வையுங்கள்.

பதில்: தர்மபுரி பெயிண்டர்

பொறியாளர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். 22 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன்; தீபாவளிக்கு முன் அவசரப்படுத்தி வாங்கும் வேலைகள்தான் மறு ஆண்டு எங்களுக்குக் கெட்ட பெயரைத் தருகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் மழை மிகுதி. எமல்ஷன் அடித்த சில மணி நேரத்தில் தூறல் விழுந்தால், பெயிண்டில் உள்ள சோப்புப் பொருள் வெளியேறி வழவழப்பான கோடுகளாக இறங்கும். அதையாவது நீரூற்றிக் கழுவிவிடலாம். ஈரச் சுவரில் ஒட்டாமல் நிற்கும் பிரைமரை, அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, யாராலும் பிறகு ஒட்டவைக்க முடியாது.

இப்போது செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. உரிந்த பகுதியைச் சுற்றி இன்னும் ஓரடி வரை கட்டையால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடம் வரை பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வெளிச்சுவருக்கு உள்சுவர் பட்டியைப் பூசியிருக்கிறார்களா என்று ஐயப்படுகிறேன். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டி நீரில் நெகிழ்ந்து போகும், வெளியே வெள்ளைச் சிமெண்ட் பட்டிதான், அதுவும் தேவைப்படும் இடங்களில் மட்டும்தான் போட வேண்டும். உப்பைக் காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷால் தேய்த்துத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். பலர் முதலில் நீரூற்றிக் கழுவுகிறார்கள். உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகிறது.

பாசிக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவலாம். கையுறை வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அது எந்த நிலையிலும் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும். இதை எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் திரும்பச் சொல்கிறேன்.

விரிசல்களை அப்படியே பட்டியால் மூடினால் அடுத்த வெயிலில் திறந்துகொள்ளும். ஆணி முனையால் ஆங்கில வி வடிவில் அகலப்படுத்தி, தூசி நீக்கி, விரிசல் நிரப்பும் பசையை உள்ளே அழுத்தி நிரப்ப வேண்டும். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்து விரிசலுக்கு மட்டும் பூச்சை உடைத்து, கோழி வலை வைத்துப் பூசுவதே வழி. அப்படிப் புதிதாகப் பூசிய இடம் குறைந்தது 28 நாள் ஆன பிறகே பிரைமரைத் தாங்கும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை, குறிப்பாகக் கதவு சன்னல்களில், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள். ஈரப்படுத்தித் தேயுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

தேன்கனிக்கோட்டை வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வடக்குப் பக்கம் போய் அளந்து பார்த்தேன். பொறியாளர் ஐயா சொன்னது போலவே, என் மனைவி வைத்த கனகாம்பரப் பாத்தியின் மண் அடித்தளத்தின் மேல்விளிம்புக்கு நான்கு விரற்கடை மேலே இருக்கிறது. பாத்தியைத் தெற்குப் பக்கம் மாற்ற அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் தையில் உறவினர்கள் வரும்போது வடக்குச் சுவர் சுரண்டிய நிலையில் நிற்குமே என்ற கவலை எங்கள் இருவருக்கும் இருக்கிறது. பந்தலும் பந்தியும் அந்தப் பக்கம்தான்.

பதில்: தளிப் பக்கத்து ஆசிரியை

ஐயா, அதற்குச் சுண்ணாம்பு இருக்கிறதே. எங்கள் மாமனார் கட்டிய வீடு கருங்கல்லும் மண்ணும் சேர்ந்தது; ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கிறோம். ஒரு முறை கொத்தனார் பேச்சைக் கேட்டு ஓர் அறைக்குச் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தோம். இரண்டே மழைக்காலத்தில் பூச்சே மண்ணோடு பெயர்ந்து விழுந்தது. மற்ற அறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது, அப்படி இறுகுவதற்குச் சிறிது ஈரமும் வேண்டும். அதனால்தான் மார்கழிக் குளிரில் அடித்த வெள்ளை, சித்திரை வெயிலில் அடித்ததைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பது என் அனுபவம். போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் நம் பெரியவர்களின் சுவர்களுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று நினைத்து வியந்திருக்கிறேன். கல் சுண்ணாம்பை ஓரிரு நாள் முன்னதாகவே நீற்றி, துணியில் வடிகட்டி, சிறிது சோற்றுக் கஞ்சி சேர்த்து, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். எமல்ஷன் மிச்சமிருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது. சுரண்டிய பூச்சின் மேல் மட்டும் பிடிக்கும்.

பதில்: தர்மபுரி பெயிண்டர்

அம்மா சொல்வது நல்ல யோசனை. அந்த இரண்டடியை மட்டும் வெள்ளையாக விட்டால் திட்டாகத் தெரியும் என்பதால், கோட்டுக் கயிறு கட்டி, சுவர் நீளத்துக்கும் ஒரே உயரத்தில் சுரண்டி, பட்டையாக அடித்துவிடுங்கள். மேலே உள்ள பெயிண்டைப் பாசி நீக்கிக் கழுவினாலே போதும். முன்வாசல் சுவருக்கு மட்டும் புதிதாக ஒரு கோட் வேண்டுமென்றால், மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் அடிக்கலாம். காலை ஒன்பதரைக்கு மேல், பனி ஈரம் கையில் ஒட்டாதபோது தொடங்கி, மாலை மூன்றரைக்குள் நிறுத்திவிட வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு மணி நேரம் என்று டப்பாவில் இருந்தால், அந்தக் குளிரில் ஒரு நாள் விடுவதே நல்லது. மாசி, பங்குனியில் வடக்குச் சுவருக்கு எமல்ஷன் அடிக்க வரும்போது, பொடியாகும் சுண்ணாம்பு முழுவதையும் தேய்த்து எடுத்த பிறகே பிரைமர் போட வேண்டும். உள்ளங்கையைச் சுவரில் வைத்து இழுத்துப் பாருங்கள். கை வெள்ளையானால் இன்னும் தேய்க்க வேண்டும்.

பதில்: கிருஷ்ணகிரி கட்டடப் பொறியாளர் (ஓய்வு)

அந்த பிரைமருக்கு முன், மாசிக் கடைசியில், வெளிப்பக்கமும் பாலிதீன் தாளை ஒட்டிப் பாருங்கள், ஐயா. பாத்தியை எடுத்த பிறகும் தாளுக்குப் பின்னால் நீர் நின்றால் டி.பி.சி.யில்தான் குறை. அப்போது இங்கே எழுதுங்கள். சுவரில் துளையிட்டு மருந்து செலுத்தும் முறையைப் பற்றிப் பேசுவோம். அதுவரை சுண்ணாம்பே இருக்கட்டும்.