பொன்னியின் செல்வன் ரசிகர் கதை: ‘பெண்ணவள்’, ‘குறுநகை’ தொல்லையைக் குறைப்பது எப்படி?

மையூற்று:
வந்தியத்தேவன் – குந்தவை ஜோடியை வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். ஒவ்வொரு யூடிக்கும் (புதிய அத்தியாயப் பதிவுக்கும்) ஒரே கமெண்ட்: “பெண்ணவள், தன்னவன், குறுநகை எல்லாம் கண்ணை உறுத்துது.” எடுத்துவிட்டால் சரித்திரக் கதையின் வாசம் போய்விடுமோ? எதை வெட்டுவது, எதை விடுவது?

காவிரிக்கரை:
‘பெண்ணவள்’, ‘ஆணவன்’, ‘பாவையவள்’ மூன்றையும் யோசிக்காமல் வெட்டுங்கள், சகோ. ‘சிரித்தாள்’ என்ற வினைமுற்றே பெண் என்று சொல்லிவிடுகிறது. பல இடங்களில் எழுவாயே தேவையில்லை. ‘வாணர் குலத்து வீரன்’, ‘சோழகுல மங்கை’ இன்னும் மோசம். பெயர் தெரிந்த ஆளை அடைமொழியால் சொன்னால், புதிதாக யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று வாசகர் ஒரு கணம் தடுமாறுவார்.

பார்க்கிறவருக்குப் பெயர் தெரியாதபோது மட்டும் அது பொருந்தும். குடந்தை சோதிடர் வீட்டில் குந்தவையை முதன்முதலில் பார்க்கும் வந்தியத்தேவனுக்கு அவள் யாரென்று தெரியாது. அவன் பார்வையில் எழுதினால் அங்கே ‘அந்தப் பெண்’ என்பதுதான் சரி.

குந்தவையும் வானதியும் பேசும் காட்சியில் இருவருக்கும் ‘ஆள்’ விகுதி வருவதால் குழப்பம் வரும். வானதி ‘அக்கா’ என்று அழைப்பாள் அல்லவா? பேசுவது யார் என்பது அந்த ஒரு விளியிலேயே தெரிந்துவிடும்.

ஏட்டுச்சுவடி:
சிரிப்புகளை எண்ணிப் பாருங்கள். ‘நகை’ என்று மட்டும் தேடினால் குறுநகை, இளநகை சிக்கும். புன்னகையும் மென்னகையும் தப்பிவிடும், புணர்ச்சியில் ‘ந’ அங்கே ‘ன’ ஆகிவிட்டது. அதனால் ‘னகை’, ‘முறுவ’ இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். 1,500 சொல் அத்தியாயத்தில் இரண்டு சிரிப்புக்கு மேல் இருந்தால் மிச்சத்தை நீக்கிவிட்டு, பாத்திரத்தின் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்.

முன்: “ஓலையைத் தாருங்கள், தேவி” என்று வாணர் குலத்து வீரன் இதழோரம் குறுநகை தவழ மொழிந்தான். மங்கையவள் நாணத்துடன் விழி தாழ்த்தினாள்.

பின்: “ஓலையைத் தாருங்கள், தேவி” என்றான். குந்தவை நீட்டினாள். அவன் பற்றிக்கொண்ட பிறகும் மறுமுனையை விடவில்லை.

முதல் வடிவத்தில் வேறொரு பிழையும் இருக்கிறது. அரசியல் சூழ்ச்சிகளை எடைபோடும் குந்தவையை ‘நாணத்துடன்’ என்ற ஒரே சொல் வேறு யாரோ ஆக்கிவிடுகிறது.

மையூற்று:
புரிகிறது. ‘மொழிந்தான், இயம்பினாள், பகன்றான்’ எல்லாவற்றையும் ‘என்றான்’ ஆக்கினால் சலிக்காதா?

காவிரிக்கரை:
சலிக்காது. ‘என்றான்’ கண்ணில் படாமல் ஓடிவிடும். கல்கியே பெரும்பாலும் ‘என்றான்’, ‘என்று கேட்டாள்’ என்றுதான் எழுதுகிறார். ‘முணுமுணுத்தாள்’, ‘அதட்டினான்’ போலக் குரலின் அளவைச் சொல்லும் வினைகள் இருக்கட்டும்.

நாழிகைவட்டில்:
பழமை வாசத்துக்காகப் போடும் சொற்களில் அதிகம் தவறாக வருவது ‘நாழிகை’. ‘ஒரு நாழிகை இமைக்காமல் பார்த்தான்’ என்றால் 24 நிமிடம்! நாளுக்கு 60 நாழிகை. இரண்டரை சேர்ந்தால் ஒரு மணி நேரம். பார்வைக்கு ‘கணம்’ போதும். ‘யாமம்’ ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். இரவுக் காவல் மாறும் காட்சியில் வைத்தால் கச்சிதமாக உட்காரும்.