அன்ஸ்ப்ரங் மாஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

டயர் அளவை மாற்றினால் காரின் சஸ்பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று தமிழில் எழுதப் போனால், ஒரு சொல் வழிமறிக்கிறது: அன்ஸ்ப்ரங் மாஸ், அதாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் ஏறி நிற்காத நிறை. டயர், ரிம், ஹப், நக்கிள், பிரேக் டிஸ்க், கேலிப்பர் என மேடுபள்ளத்தில் சக்கரத்தோடு ஏறி இறங்கும் எல்லாம் இதில் சேரும். சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் ஏறக்குறையப் பாதியும் சேரும்.

185/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம் (முதல் எண் மி.மீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). வெளிவிட்டம் 621.5 மி.மீ. இருந்தது 616.3 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம்கூடப் பிசகாது. அதனால் ‘ஒன்றும் ஆகாது’ என்று கடைகளில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பக்கச்சுவர் 120 மி.மீட்டரிலிருந்து 92 ஆகச் சுருங்குகிறது, பெரிய ரிம்மின் கனமும் கூடுகிறது. இதை விளக்கத்தான் சொல் வேண்டும். ஸ்பிரிங்கை வில் என்று கொண்டு, ‘வில் தாங்கா நிறை’ என்பது என் முன்மொழிவு.

மடல் 2

‘தாங்கா’ வேண்டாம் ஐயா. ‘லாரி தாங்காத பாரம்’ என்றால் ஓவர்லோடு என்றுதானே எவரும் புரிந்துகொள்வார்? ‘வில் தாங்கா நிறை’ என்று படிப்பவர் ஸ்பிரிங் உடைந்துவிடும் என்று நினைப்பார். வில்லுக்கு அடியில் இருப்பதால் ‘வில்லடி நிறை’ எனலாமே.

மடல் 3

வில்லடி என்றதும் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வில்லடிப்பாட்டு நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், அது இடத்தைச் சொல்கிறது. பட்டா ஸ்பிரிங்கை அச்சுக்குக் கீழே கட்டிய வண்டிகளில் அச்சு வில்லுக்கு மேலே இருக்கிறது, ஆனாலும் அது அன்ஸ்ப்ரங்தான். ஜாகுவார் ஈ-டைப்பின் பின் பிரேக் டிஸ்க்குகள் டிஃபரென்ஷியலை (இஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியை) ஒட்டி உள்ளே இருப்பதால் அவை ஸ்ப்ரங், அதாவது ஸ்பிரிங் தாங்கும் பக்கம். பொலேரோவின் பின்பக்கமோ டிஃபரென்ஷியலே முழுதாகச் சக்கரத்தோடு ஏறி இறங்குகிறது.

மேலா கீழா என்பதை விட்டுவிட்டு, யாரோடு அசைகிறது என்று பாருங்கள். மெக்கானிக்குகள் ‘வீல் பக்கம், பாடி பக்கம்’ என்கிறார்கள். அதையே ‘சக்கரப்பக்க நிறை’, ‘உடற்பக்க நிறை’ என்று இணையாக வைக்கலாம். லோயர் ஆர்மின் ஒரு நுனி சக்கரப் பக்கம், மறு நுனி உடற்பக்கம். பாதிக் கணக்கு தானாகவே புரிந்துவிடும்.

மடல் 4

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு. நிறை என்றால் வெயிட். ‘சக்கரப்பக்கம்’ என்ற முன்சொல் பொதுவாக இருக்கட்டும். இங்கே சக்கரப்பக்கத் திணிவு, அங்கே சக்கரப்பக்க நிறை.

மடல் 1 எழுதியவர்

ஏற்கிறேன். கட்டுரையில் வைத்துப் பார்த்தேன், தடுக்கவில்லை:

“ஒரு மூலையில் சக்கரப்பக்க நிறை 35 கிலோ, டயரின் விறைப்பு மி.மீட்டருக்கு 200 நியூட்டன், ஸ்பிரிங்கினுடையது 20 என்று கொள்வோம். சக்கரம் நொடிக்குச் சுமார் 12.6 முறை துள்ளும். பக்கச்சுவர் குட்டையாகி விறைப்பு 240 ஆகவும், நிறை 40 கிலோவாகவும் ஏறினால் துள்ளல் 12.8 தான்; மாற்றமே இல்லாததுபோலத் தெரியும். ஆனால் பழைய ஷாக் அப்சார்பருக்கு அந்தத் துள்ளலை அடக்கும் விகிதம் சுமார் 14 சதவீதம் குறைந்துவிடும். நல்ல சாலையில் ஸ்டியரிங் சட்டென்று கேட்கும். அலையலையாகப் பெயர்ந்த வளைவிலோ டயர் தரையை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி வெளிப்பக்கமாக நகரும். பள்ளத்தில் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, உள்ளிருக்கும் நூலிழை அறுந்து, அந்த இடம் முட்டைபோலப் புடைக்கும். புடைத்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும்.”

மடல் 3 எழுதியவர்

ஒரு டயர் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் சுமைக் குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். பழைய டயருக்கு 88 என்றால் 560 கிலோ. 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84 தான், 500 கிலோ. கூடுதல் சுமைக்கான எக்ஸ்எல் வகையில் 88 கிடைக்கும். ஆனால் பழைய டயர் தாங்கிய அதே சுமையைத் தாங்க நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதல் காற்று வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் இருப்பது பழைய டயருக்கான கணக்கு. குறைந்த காற்றில் ஓடினால் முதலில் அடிபடுவது ரிம்மின் உள்விளிம்பு. வெளியே நின்று பார்த்தால் தெரியாது.