118 கோடிக்கு ஹுசைன்: வரைந்தவனுக்கு இதில் என்ன?

கரிசல்காட்டான்:
எம்.எஃப். ஹுசைன் 1954-இல் வரைந்த ‘கிராம் யாத்ரா’ எண்ணெய் ஓவியம், 2025 மார்ச் 19 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. நம் பணத்தில் சுமார் 118 கோடி ரூபாய். ஏலத்துக்கு முன்னால் போட்டிருந்த மதிப்பீடு 25 முதல் 35 லட்சம் டாலர்தான். நவீன இந்திய ஓவியத்தில் அதுவரை இதுதான் உச்ச விலை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஹுசைன் 2011-இல் லண்டனில் இறந்துபோனார். அவர் பிள்ளைகளுக்கு இந்த 118 கோடியில் சல்லிக்காசு கிடையாது. மறுவிற்பனையில் ஓவியனுக்குப் பங்கு கொடுக்கும் சட்டமே அமெரிக்காவில் இல்லை. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே மாட்டை வளர்த்தவன் பக்கத்திலேயே நிற்பான், அவன் கையில் காசு போகும். இங்கே வளர்த்தவன் எங்கே?

தூரிகை:
கரிசல், நீங்கள் விலையைப் பார்த்தீர்கள். படத்தைப் பார்த்தீர்களா? ஏறக்குறைய 14 அடி நீளம். அதில் 13 கட்டங்கள். மாவரைக்கும் பெண், பால் கறக்கும் பெண், வண்டியில் போகும் குடும்பம். ஒரு கட்டத்தில் மட்டும் ஒரு விவசாயி தனியாக நிற்கிறார். அவர் கை தன் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டு, அங்கே இருக்கும் நிலத்தைத் தாங்குகிறது. முப்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்தேன். கோட்டைத் தாண்டாதே என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! அந்தக் கையைப் பார்த்த அன்றைக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்தது.

பணம் எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தை முதலில் வாங்கியவர் லியோன் வோலோதார்ஸ்கி என்ற நார்வே மருத்துவர். மார்பு அறுவை சிகிச்சைப் பயிற்சி மையம் அமைக்க உலக சுகாதார நிறுவனம் சார்பில் 1954-இல் தில்லிக்கு வந்தவர். அவர் கொடுத்து, 1964 முதல் படம் ஆஸ்லோ மருத்துவமனையில் இருந்தது. விற்ற பணம் அங்கே மருத்துவர்களின் பயிற்சிக்குப் போகிறது. எந்தத் தரகர் வீட்டு அலமாரிக்கும் போகவில்லை.

கரிசல்காட்டான்:
டீச்சர், கைபேசியில்தான் பார்த்தேன். 14 அடிப் படத்தை அஞ்சு விரல் அகலத்தில். நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவுதானே கிடைக்கும்? கோடி கொடுத்தவன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வான்.

தூரிகை:
அப்படி நடக்கவில்லை. ஏலத்தில் வாங்கியது கிரண் நாடார் அருங்காட்சியகம் என்று பின்னால் செய்தி வந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரரான சிவ நாடாரின் மனைவிதான் கிரண் நாடார். தில்லியில் அந்த அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அறுபது வருடம் நம் ஊர் ஆள் ஒருவர் கண்ணிலும் படாமல் நார்வேயில் ஒரு மருத்துவமனை நடைபாதையில் கிடந்த படம், ஏலம் என்று ஒன்று நடந்ததால்தான் திரும்பி வந்தது. இதை நான் நல்ல காரியம் என்றுதான் சொல்வேன்.

சட்டக்கடை:
நான் ஓவியங்களுக்கு மரச்சட்டம் போடுகிறவன், இருபத்தாறு வருடமாக. ஒரு விஷயம் சொல்ல அனுமதியுங்கள்.

118 கோடி என்பது ஏலக்காரர் சுத்தியலைத் தட்டிய விலை இல்லை. அதற்கு மேல் வாங்குகிறவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் பிரீமியமும் சேர்ந்த தொகை. செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் இந்த மொத்தம்தான்.

மதிப்பீட்டைப் போல நாலு மடங்கு ஏன் போனது? படம் பெரியது, நல்ல காலத்துப் படம், எல்லாம் சரி. ஆனால் என் கணக்கில் முதல் காரணம், மருத்துவரிடமிருந்து மருத்துவமனை, அங்கிருந்து ஏலம் என்று கைமாறிய வழி கண்ணாடி மாதிரித் தெரிவது. நடுவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்தத் தொழிலில் அதுதான் பாதி விலை. 2009-இல் தில்லியில் எஸ்.எச். ரசாவின் படங்கள் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். திறந்து வைக்க ரசாவே வந்தார். வந்து பார்த்தால் தொங்குவது போலிகள்! உயிரோடு இருக்கும் ஓவியர் கண் முன்னாலேயே அப்படி என்றால், இறந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

என்னிடம் வரும் படங்களில் நான் முதலில் பார்ப்பது முன்பக்கத்தை இல்லை, பின்பக்கத்தைத்தான். கேன்வாஸ் துணி பழுப்பேறிய விதம், ஆணி துருப்பிடித்த தடம், மரச்சட்டத்தில் யாரோ பென்சிலில் எழுதிய எண், பழைய கண்காட்சிச் சீட்டு. முன்பக்கத்தை அப்படியே போட ஆள் இருக்கிறது. நாற்பது வருட அழுக்கை அப்படிப் போட முடியாது.

ஈஞ்சம்பாக்கம்:
சட்டக்கடை அண்ணன் சொன்னதைப் படித்ததும் மனசு அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் சென்னைப் பக்கம் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் வரைந்த எண்ணெய் ஓவியம் இருக்கிறது. எழுபதுகளில் அப்பா தவணையில் வாங்கினார். ரசீது கிடையாது. ஒரே ஒரு போஸ்ட்கார்டு மட்டும் பீரோவில் இருக்கிறது, “மீதி இருபது ரூபாயை அடுத்த மாதம் அனுப்பினால் போதும், படத்தின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவும்” என்று.

போன வருடம் ஒரு ஏல நிறுவனத்துக்குப் படத்தின் புகைப்படம் அனுப்பினேன். விலைச்சீட்டு உண்டா, கண்காட்சிக் கேட்டலாக் உண்டா, எந்தப் புத்தகத்திலாவது அச்சாகியிருக்கிறதா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றேன். அப்புறம் பதிலே வரவில்லை. அடுத்த மாதமே ஒரு தரகர் வீட்டுக்கு வந்து, சோபா விலைக்குக் கேட்டார்.

1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்ற காசில் சேர்ந்து நிலம் வாங்கி உருவாக்கிய கிராமம் சோழமண்டலம். சாயத்தொட்டியில் கை நனைத்து நிலம் வாங்கியவர்களிடம் ரசீது எங்கே இருக்கும்? பம்பாய்க்காரர்களுக்கு ஒரு விலை, மெட்ராஸ்காரர்களுக்கு ஒரு விலை. எனக்கு இதுதான் வலிக்கிறது.

தூரிகை:
உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் அதை ஏலத்தின் மேல் போடாதீர்கள். பம்பாயில் 1947-இல் சூசா, ரசா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆறு பேர் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? சந்தானராஜ், முனுசாமி, ராமானுஜம், ஆதிமூலம் என்று நம் மெட்ராஸ் ஓவியர்கள் ஒவ்வொருவருக்கும் எந்தப் படம் எந்த வருடம், இப்போது யார் வீட்டில் என்று முழுப் பட்டியல் நம் கையில் இருக்கிறதா? ஆதிமூலம் என்றால் காந்தி கோட்டோவியங்கள் நினைவுக்கு வரும். அவருடைய வண்ண அரூப ஓவியங்களை எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? பட்டியல் போடாத படத்துக்குச் சந்தை எப்படி விலை சொல்லும்?

கரிசல்காட்டான்:
டீச்சர், பட்டியல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஓவியர் வி.எஸ். கெய்தோண்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லி நிஜாமுதீனில் ஒரு சின்ன இடத்தில் இருந்துகொண்டு, வருடத்துக்குச் சில படங்கள் மட்டும் வரைந்தவர். 2001-இல் போய்விட்டார். 2013-இல் மும்பையில் அவர் படம் ஒன்று 23.7 கோடி. 2015-இல் இன்னொன்று 29.3 கோடி. 2025 செப்டம்பரில் சாஃப்ரன்ஆர்ட் ஏலத்தில் இன்னொரு படம் 67 கோடியைத் தாண்டியது. எல்லாமே அவர் போன பிறகு.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் போகும் மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, 10 சதவீதம் வரை. 1994-இல் சேர்த்தார்கள். எனக்குப் பழக்கமான ஓவியர்களில் ஒருவர்கூட இதன்படி ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பாதிப் பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

வழிப்போக்கன்:
பங்கு கேட்டால் சந்தை வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் முதலிய ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை 1972-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் கலைச்செல்வங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தியாவில் இருப்பதை வெளியே கொண்டுபோகவே கூடாது. அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் ஷெர்கில் 1937-இல் வரைந்த ‘கதை சொல்பவர்’ 2023-இல் 61.8 கோடிக்குப் போனது. நல்ல படத்துக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது. பத்து சதவீதத்துக்குப் பயந்து யாரும் ஓட மாட்டார்கள்.

தூரிகை:
53ஏ பற்றி எனக்குத் தெரியாது, கரிசல். அதைச் செயல்படுத்தச் சொல்லி மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஏலமே கூடாது என்றால் நான் உங்கள் பக்கம் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ‘கிராம் யாத்ரா’வுக்கு அடுத்த வருடமே ஹுசைன் ‘ஜமீன்’ வரைந்தார். அதே கிராமம், அதே மாதிரி நீளப் படம். தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அடுத்த முறை தில்லி போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதன் முன்னால் நில்லுங்கள். சினிமா பேனர் வரைந்து பழகிய கை அது. தள்ளி நின்று ஒரு தடவை, கிட்டே போய் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
போகிறேன் டீச்சர். மனுவை நான் எழுதுகிறேன், நீங்கள் திருத்திக் கொடுங்கள்.

சட்டக்கடை:
ஈஞ்சம்பாக்கம் தம்பி, அந்தத் தரகரிடம் கொடுத்துவிடவில்லையே? படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் நாலு புகைப்படம் எடுங்கள். அந்தப் போஸ்ட்கார்டையும் இரண்டு பக்கமும் எடுங்கள், தபால் முத்திரைத் தேதி தெரிகிற மாதிரி. ஓவியரே கைப்பட எழுதிய கடிதத்தை ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது?

ஈஞ்சம்பாக்கம்:
கொடுக்கவில்லை அண்ணே. இப்போதுதான் இறக்கினேன். பின்னால் ஒரே ஒட்டடை. மேல்சட்டத்தில் பென்சிலில் 7 என்று ஒரு எண்ணும், பக்கத்தில் பாதி கிழிந்த ஒரு சீட்டும் இருக்கிறது. சீட்டில் “மெட்ரா” வரைக்கும்தான் தெரிகிறது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பார்க்கட்டுமா?

சட்டக்கடை:
துடைக்காதீர்கள். தொடவே தொடாதீர்கள். அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.