ஆயிரமாவது பார்வையாளரை வரவேற்க ஓர் இருண்ட திடல் தேவை

மதிப்புக்குரிய திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் வானியல் கழகத்தின் வான்நோக்கல் மாலைகளுக்கு வந்தோரின் தொகை, வருகைப் பதிவேட்டின்படி, ஆயிரத்தை நெருங்கியுள்ளது. ஆயிரமாவது பார்வையாளரை மே மாத அமாவாசையை ஒட்டிய மாலையொன்றில் வரவேற்க விரும்புகிறோம். அதற்கு உங்கள் உதவியை நாடுகிறோம்.

நமது ஊர் ஏறத்தாழ 8.6 பாகை வட அகலாங்கில் இருப்பதால், வடக்கே அடிவானுக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரத்தையும், தெற்கே தென்சிலுவையையும் ஒரே இடத்தில் நின்று காணலாம். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒமேகா செண்டாரி என்னும் விண்மீன் கொத்தும் அப்போது நன்கு உயர்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தெரியும் அது, தொலைநோக்கியில் எண்ணற்ற விண்மீன்களாகப் பிரிவதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் உப்புவெளியிலிருந்து பார்த்தால் தென்வானை நகர வெளிச்சம் மறைக்கிறது. எனவே மூதூர், சம்பூர்ப் பக்கமாக, வடக்கும் தெற்கும் மரங்களால் மறைபடாத, பேருந்து வந்துபோகக்கூடிய, முதியோருக்கும் பாதுகாப்பான திடல் ஒன்றை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறோம். பாடசாலை மைதானமாயின் மிக நல்லது.

கடற்காற்றின் உப்புப் படிந்து எங்கள் தொலைநோக்கியின் ஆடி மங்கியுள்ளது. அதன் பூச்சுக் கீறாமல் கழுவத் தெரிந்த ஒருவரின் துணையும் அவசியம். இருளுக்குப் பழக கண்களுக்கு அரை மணி நேரம் வரை எடுப்பதால், டோர்ச் விளக்குகளை மூடச் சிவப்பு செலோபேன் தாள்களும் வேண்டும்.

இடம் தருவோர், அங்கு இரவில் தெருவிளக்குகள் எரிகின்றனவா என்பதையும் குறிப்பிடுங்கள்.