அளந்து காட்ட முடியாதது அறிவு ஆகாதா?

சிப்புட் ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் வீட்டில் நடந்த பேச்சு ஒன்று மனத்தை விட்டு அகல மறுக்கிறது. படித்தவர்களும் தோட்டத்தில் உழைத்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கத் துணிந்தேன்.

என் தந்தை நாற்பத்தோர் ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் வீட்டுக்குப் பின்னால் பதினான்கு மரங்களை விடாமல் வைத்திருக்கிறார். பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பான மெட்ரிகுலேஷன் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அவர் ஒரு மரத்தின் வெட்டுப்பட்டையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இதுக்கு மேல ஒரு நூல் உள்ள போனா காயம் பட்டுடும்" என்றார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். "கைக்குத் தெரியும்மா" என்றார். அன்றிரவு சாப்பாட்டின்போது அவள் என்னிடம், தாத்தா சொல்வது ஊகம் என்றும், அது சரியாகவே இருந்தாலும் அளந்து சோதிக்கும்வரை அறிவு ஆகாது என்றும், அறிவதற்கு அறிவியல் ஒன்றைத் தவிர வேறு வழியே இல்லை என்றும் சொன்னாள். தந்தை மறுத்து எதுவும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவர் சொன்ன அந்த ஒரு நூல் கற்பனை அன்று. பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், கேம்பியம் என்னும் வளர்படையை ஒட்டியே நெருக்கமாக இருக்கின்றன. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும்; வளர்படையைத் தொட்டுவிட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. இடையில் விட வேண்டிய கனம் ஒரு மில்லிமீட்டரோ அதற்குச் சற்று அதிகமோதான். ஆய்வாளர்கள் அதை அளந்து எழுதியிருக்கிறார்கள். என் தந்தையோ விடியாத இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நாளொன்றுக்கு ஐந்நூறு மரங்களில் அந்தக் கனத்தை விட்டு வெட்டியிருக்கிறார். எழுதியவர்களுக்குத் தெரிந்ததுதான் அறிவு, வெட்டியவருக்குத் தெரிந்தது அறிவு அன்று என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உறுத்துகிறது. "அறிவியல் ஒன்றே அறியும் வழி" என்ற வாக்கியத்தை எந்தச் சோதனைக்கூடத்தில் வைத்துச் சோதிப்பது? சோதிக்க முடியாது என்றால், அவள் சொன்ன அளவுகோலின்படி அதுவும் அறிவு ஆகாது. ஆனால் இதைச் சொல்லிச் சிறு பெண்ணை மடக்கிவிடுவது நியாயமாகப் படவில்லை. அறிவியலுக்கு எல்லை உண்டு என்று சொன்ன மறுகணமே, அப்படியானால் எதை வேண்டுமானாலும் நம்பலாம் என்று கிளம்புகிறவர்களையும் நன்றாக அறிவேன். இரண்டுக்கும் இடையில் நின்று என்ன சொல்லலாம்?

கிளினிக் தாதி

ஆசிரியர் ஐயா, உங்கள் மகளின் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் பெரியப்பாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. ஒருநாள் செருப்பில் ஏறியிருந்த சிறு ஆணி அவருடைய காலில் குத்தி, மாலைவரை அப்படியே இருந்திருக்கிறது. இனிப்புநீர் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால் அவருக்கு வலியே தெரியவில்லை. "வலிக்கல, அதனால பெரிசா ஒண்ணும் இல்ல" என்று அவர் உறுதியாகச் சொன்னார். தம் உடம்பைப் பற்றித் தமக்குத் தெரியாதா என்றும் கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் இலை வைத்துக் கட்டுகிற ஒருவரிடம் மூன்று வாரம் போனார். அவரும் தம் அனுபவத்தில் இதுபோல் எத்தனையோ பார்த்திருப்பதாகச் சொன்னாராம். கட்டைப் பிரித்த அன்று நான்தான் அருகில் இருந்தேன். அந்த வாடையை என்னால் மறக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பெரியப்பாவின் உணர்வும் அனுபவம்தான். இலை கட்டியவருடைய பேச்சும் அனுபவம்தான். இரண்டும் பொய்த்தன. பொய்த்ததை அந்த இரண்டுக்குள்ளிருந்தே கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. அறிவியலும் தவறுகிறது, ஆனால் தவற்றைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் நீங்கள் மடக்கக்கூடிய அந்த வாக்கியம் எனக்கு வேண்டியதில்லை. ஓர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியைத்தான் நம்புவேன் என்ற பணி ஒழுங்கே எனக்குப் போதும். வேறு வழிகளும் உண்டு என்கிறவர்கள், அந்த வழிகள் பிழைபட்டால் எப்படித் தெரியவரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற டிரெசர்

தாதி மகளே, நீ கேட்டது நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுகள் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், நம் மண்ணிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் இரு பக்கத்துக்கும் இடம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் இதில் ஏராளமாக இறந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் யாருடைய பானையில் எந்த அரிசி வேகிறது என்று பார்த்தார். சீனர்கள் தீட்டிய பச்சரிசியை உண்டார்கள். நம்மவர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது மேல்படையில் உள்ள பி1 என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டும்போது முழுவதும் போய்விடுவதில்லை. இந்த விளக்கம் அன்று யாருக்கும் கிடையாது. பிராடனே கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகத்தான் கருதினார். ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1909 வாக்கில் சோதனை நடத்தி, நஞ்சு காரணம் அன்று, தீட்டும்போது இழக்கப்படும் ஏதோ ஒன்றே காரணம் என்று காட்டினார்கள். அந்தச் சத்து தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1926இல், ஜாவாவில்.

நம் பாட்டிமார் பெரிபெரியைத் தடுப்பதற்காக நெல் அவிக்கவில்லை. அந்தப் பெருமையை அவர்களுக்குச் சூட்டினால் பொய்யாகிவிடும். தமிழர் புளி உண்டார்கள், நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள், நூறு வகையில் வேறுபட்டிருந்தார்கள். அந்த நூறில் எது காத்தது என்பதைப் பிரித்துக் காட்டியது அறிவியல்தான். இதுவரை நான் உன் பக்கம்.

ஆனால் கதையின் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது. பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை 1905இல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலருக்கு நோய் வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களிடம் நோய் ஏறக்குறைய இல்லை. அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: உணவுதான் காரணம் என்று அவர் முன்கூட்டி நம்பவில்லை, அந்தக் காலத்தில் பரவலாக உண்ணப்பட்ட அரிசியைத்தான் கொடுத்தார். சோதனையாகப் பார்த்தால் முடிவு தெளிவு. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் தட்டில் வைத்து இதைச் சோதிக்கலாமா? அந்தக் கேள்விக்கான பதில் அவருடைய அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. இன்னும் நூறு பேரைச் சேர்த்துச் சோதித்திருந்தாலும் வந்திருக்காது. அது தவறு என்பது எனக்குத் தெரியும். என் விருப்பு வெறுப்பைச் சொல்லவில்லை. தெரியும் என்றுதான் சொல்கிறேன். இன்று நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் பொதுவாக ஆய்வு தொடங்கக் கூடாது என்று விதி இருப்பது, அதை அறிந்தவர்கள் இருந்ததால்தான்.

தமிழ்மொழி கற்பிப்பவள்

தாதி தங்கை கேட்ட கேள்வி நம் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில், கண்ணால் காண்பது தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்று பூதவாதி சொல்கிறான். அவனிடம் மணிமேகலை, உன் தாய் தந்தை இவர்தாம் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். ஆசிரியர் ஐயாவின் மகளிடம் இதையே வேறு விதமாகக் கேட்கலாம். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்று அவள் தேர்வில் எழுதுகிறாள். அதை அவள் அளந்ததில்லை, அவளுடைய விரிவுரையாளரும் அனேகமாக அளந்திருக்க மாட்டார். நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்றிருக்கிறாள். பழைய பெயரில் அது உரையளவை. அறிவியல் என்னும் கட்டடமே ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாவிட்டால் ஒரு நாளும் நிற்காது.

அதே காதையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, சொல்லிவிட்டு நின்றுவிடுவதில்லை. அளவை போலத் தோன்றி ஏமாற்றுகிற எட்டுப் போலிகளையும் சொல்கிறான். அவற்றுள் ஒன்றன் பெயர் தேராது தெளிதல். வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமல் மனிதன் என்று முடிவு கட்டுவது அதற்கு எடுத்துக்காட்டு. இலை வைத்துக் கட்டியவர் செய்தது அச்சு அசலாக அதுதான். வழிகள் பல என்று ஒப்புக்கொண்ட முன்னோர், ஒவ்வொரு வழியிலும் வழுக்கும் இடம் எது என்பதையும் கூடவே குறித்து வைத்தார்கள். பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் மேடையில் பேசுகிறவர்கள் மீது எனக்கும் வருத்தம் உண்டு.

சிப்புட் ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. தாதி தங்கையின் பெரியப்பாவைப் பற்றிப் படித்தபோது கை நடுங்கியது. இவை எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன்.

ஞாயிறு காலை அவளே தாத்தாவை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மெல்லிய ஊசியைப் பட்டையில் செருகி, உள்ளே போன நீளத்தை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பத்து இடங்களில் அளந்தாள். ஒன்பது இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் இருந்தது. ஏழாவது இடத்துக்கு அவள் வருவதற்கு முன்பே, "அங்க காயம் போட்டுட்டேன், இப்ப கண்ணு சரியா தெரியறதில்ல" என்று தந்தை சொல்லிவிட்டார். ஊசி அங்கே அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. தங்கை கேட்ட திருத்தும் ஏற்பாடு அந்தக் கைக்கும் இருந்தது என்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன். தவறாக வெட்டிய இடத்தில் மரம் முடிச்சு விடும், அந்த முடிச்சை அவர் பல ஆண்டுகள் தினமும் பார்த்தாக வேண்டும்.

பிறகு அவள் கத்தியைக் கேட்டாள். எண் அவளுக்குத் தெரியும். இருந்தும் முதல் இழுப்பிலேயே வளர்படையைக் கீறிவிட்டாள். தந்தை ஒன்றும் சொல்லாமல் அவளுடைய மணிக்கட்டைச் சற்றே உள்பக்கம் திருப்பிவிட்டார். மூன்றாவது மரத்தில் சீவல் மெலிதாக விழுந்து, பால் கோட்டிலேயே வழிந்து, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் இறங்கியது.

தன் கருத்தை அவள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. கை கற்றதையும் ஒருநாள் அளந்து எழுதிவிடலாம் என்கிறாள். எழுதலாம்தான், எழுதியதைப் படித்தவர் வெட்டிவிட முடியுமா என்று நான் கேட்டிருக்கிறேன். ஆனால் டிரெசர் ஐயா எழுதிய அந்த விடுதியின் கதைக்குப் பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இறந்துபோன அந்தப் பதினெட்டுப் பேரின் பெயர்களை யாராவது எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் ஐயா.