நம்ம வீடு (திருவாரூர்) குழு

செந்தில்: வெள்ளி விடியக்காலை 4.30க்கு பால் காய்ச்சுறோம். அதுக்குள்ள அப்பத்தா இரும்புப் பெட்டியை புது வீட்டுத் திண்ணைல ஏத்தணும். உசரம் 1 மீட்டர், பெட்டி 200 கிலோ தேறும். வியாழன் சாயங்காலம் யார் யார் வர்றீங்க?

மாலா சித்தி: இனிய காலை வணக்கம் 🙏

கார்த்தி சிங்கப்பூர்: மனசால வர்றேன்

விஜயா அத்தை: பெட்டி உங்க வீட்டுக்குன்னு எப்ப முடிவாச்சு?

செந்தில்: அத்தை அதை அப்புறம் பேசுவோம்

விஜயா அத்தை: சும்மா கேட்டேன்பா

முருகேசன் மாமா: நாலு ஆள் போட்டா தூக்கிடலாம்

பெரியப்பா: தூக்கக் கூடாது. பலகை சாய்ச்சுத்தான் ஏத்தணும். கேளுங்க. 200 கிலோவுக்கு எடை 1960 நியூட்டன். நேரா தூக்கினா 1960 ஜூல் வேலை, அதுல நயா பைசா குறையாது. 4 மீட்டர் பலகைன்னா சரிவுல கீழ இழுக்கிறது கால் பங்குதான், 490 நியூட்டன். ஆனா இரும்பு மரத்துல தேயுமே. உராய்வுக் கெழு 0.4ன்னு வச்சா அது ஒரு 760. ஆக 1250 நியூட்டன், அதாவது 127 கிலோ தூக்குற பலம். 4 மீட்டர் தள்ளி முடிக்க 5000 ஜூல். அதுல 3000 உராய்வுக்கே தண்டம், வெறும் சூடாப் போயிடும்.

கௌசி: பெரியப்பா, பத்தாங்கிளாஸ் ஞாபகம் வந்து வயித்தைக் கலக்குது

முருகேசன் மாமா: அப்ப தூக்குறதுதானே மச்சான் லாபம்? 1960 எங்க, 5000 எங்க

பெரியப்பா: 200 கிலோவும் மொத்தமா இடுப்புல இறங்கும் மாப்ளே. 2 மீட்டர் பலகைன்னா 3300 ஜூல்தான், ஆனா 170 கிலோ பலம் வேணும். நீளம் கூடினா தம் குறையும், தண்டம் கூடும்.

மாலா சித்தி: 150 இலை சொல்லிட்டேன். பொங்கலா இட்லியா?

கௌசி: பொங்கல்

கார்த்தி சிங்கப்பூர்: ரெண்டும்

செந்தில்: பெரியப்பா, அடில ஜிஐ பைப் துண்டு போட்டு உருட்டிடலாமா?

பெரியப்பா: உராய்வு கிட்டத்தட்ட மொத்தமும் போயிடும், 4 மீட்டர் பலகைல 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல பலம் போதும். ஆனா வில்லங்கம் அங்கதான். பைப் இல்லாம 4 மீட்டர் பலகைல கையை விட்டாலும் பெட்டி நிக்கும். சரிவு, அதாவது உசரத்தைத் தரைத் தூரத்தால வகுத்தா, 0.26. உராய்வுக் கெழு 0.4, அதைவிடக் கூட. 2 மீட்டர்ல சரிவு 0.58, வழுக்கிட்டு வந்துரும். பைப் போட்டா எந்தப் பலகைலயும் வரும். மேல இருந்து விட்டா கீழ சேரும்போது நொடிக்கு 4.4 மீட்டர், மிதிக்கிற சைக்கிள் வேகம். 200 கிலோ சைக்கிள்.

முருகேசன் மாமா: 98ல என் கால்மேல வந்துச்சே

கௌசி: அது பீரோ மாமா

விஜயா அத்தை: அந்தப் பீரோ யார் வீட்ல இருக்கு இப்ப?

செந்தில்: 🙏

பெரியப்பா: பைப் போட்டா பின்னாலேயே ஒருத்தர் முட்டுக்கட்டை போட்டுக்கிட்டே வரணும். பக்கவாட்டுல நின்னு. ஆழித்தேரையே கட்டை போட்டுத்தான் திருப்புறோம்.

கார்த்தி சிங்கப்பூர்: தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கு பெரியப்பா. நமக்கு மாமாதான் இருக்கார் 😂

முருகேசன் மாமா: நீ வந்து போடு

பெரியப்பா: முதல்ல உள்ள இருக்கிற பித்தளைச் சாமானை எடுங்க. 40 கிலோ இருக்கும். பலம், வேலை ரெண்டு கணக்கும் அஞ்சுல ஒரு பங்கு இறங்கும்.

செந்தில்: சாவி?

கௌசி: ...

மாலா சித்தி: அண்ணி, உங்ககிட்டதானே?

விஜயா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி சிங்கப்பூர்: அத்தை நான் படிச்சுட்டேன்

விஜயா அத்தை: தேடிப் பார்க்கிறேன்

செந்தில்: சரி. 4 மீட்டர் பலகை யார்ட்ட இருக்கு?

முருகேசன் மாமா: எங்கிட்ட 10 அடிதான்

பெரியப்பா: இரு. 3 மீட்டர்... சரிவு 0.35. நிக்கும். நூலிழைதான். அடில சாக்கு விரிச்சுக்கலாம், மரம் ஈரமா இருக்கக் கூடாது.

மாலா சித்தி: வியாழன் மழைன்னு சொல்றாங்களே

முருகேசன் மாமா: நான் ஷூ போட்டுட்டு வர்றேன்